காற்றுப் போக இடம்

கட்டி வைத்த ஓவியத்தின் மேல், சட்டைப் பொத்தான் அளவுக்குப் பனி படர்ந்திருந்தது. அவள் உள்ளங்கையால் துடைத்தாள். போகவில்லை. பனி பிளாஸ்டிக்கின் உள்பக்கம் இருந்தது.

ஆணி மட்டும் மிஞ்சிய சுவர்கள், ஒட்டுநாடாவின் பசை நாற்றம், ஜன்னல் கண்ணாடியில் விடாத மழை, உள்ளறையில் மத்தியானத் தூக்கத்தில் ஆறு வயது மகள் என்று வீடு பாதி காலியாகக் கிடந்தது. சாமான்களெல்லாம் லாரியில் போய்விட்டன. மிச்சம் இந்த ஒன்றுதான். செத்துப்போன கணவன் கடைசியாக வரைந்த மகளின் முகம். வேறொருவர் கையில் கொடுக்க மனம் வராமல் தானே கட்டினாள். குமிழ் பிளாஸ்டிக்கை மூன்று சுற்றுச் சுற்றி, ஊசி நுழைய இடமில்லாமல் ஒட்டியிருந்தாள்.

செல்போன் அடித்தது. சாமான் ஏற்றிப் போன ஆள்.

“அக்கா, படத்துக்கு முதல்ல பட்டர் பேப்பர் போட்டீங்கல்ல?”

“இல்லையே. நேரா பிளாஸ்டிக்கைச் சுத்திட்டேன்.”

“குமிழ் எந்தப் பக்கம்?”

“உள்பக்கம். மெத்துன்னு இருக்கட்டும்னுதான்.”

அவன் உச்சுக்கொட்டினான். “சாயத்துல வட்டம் வட்டமா பதிஞ்சிடுமே அக்கா. காத்துப் போக இடமாவது விட்டிருக்கீங்களா?”

அவள் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். பனி அகலமாகியிருந்தது. சுருங்கியது. மறுபடி அகலமானது. பிறகு, வரைந்த வாய் இருந்த இடத்தில், பிளாஸ்டிக் உள்ளே இழுபட்டது. டப்பென்று ஒரு குமிழ் உடைந்தது.

உள்ளறையிலிருந்து ஓர் இழுப்புச் சத்தம்.

செல்போனைப் போட்டுவிட்டு ஓடினாள். மகள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். உதடு நீலம். நெற்றியில், கன்னத்தில், மூடிய இமைகளில், வரிசை வரிசையாக வட்டக் குழிகள்.

“கண்ணு, மூச்சு விடுடா.” உலுக்கினாள். விடவில்லை.

திரும்பி ஓடினாள். நாடாவின் நுனி கிடைக்கவில்லை. நகத்தால் பிறாண்டினாள். பல்லால் கடித்தாள். மூன்று சுற்று. அவளே ஒட்டியது. தரையில் அட்டை அறுக்கும் கத்தி. எடுத்தாள். கிழித்தாள்.

உள்ளறையில் நீளமாக ஒரு மூச்சு. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுதுகொண்டே பிளாஸ்டிக்கை விலக்கினாள்.

கத்தி ஆழமாகப் போயிருந்தது. காதடியிலிருந்து தாடை வரை கான்வாஸ் பிளந்து நின்றது.

பின்னால் சின்னப் பாதங்கள் வந்து நின்றன.

“வலிக்கலைம்மா,” என்றாள் மகள். “கையை எடுத்தாத்தான் கன்னம் தொங்குது.”