வட்டத்துக்குள் கை வைத்தவன்

வெர்னாவின் வீட்டுக்கு நாங்கள் போன அன்று மத்தியானமே மூடுபனி ஆற்றைவிட்டு மலை ஏறிவிட்டது. ஓஹையோ ஆற்றங்கரையில் பிறந்தவனுக்கு அது புதிதில்லை. நானும் கிளீட்டஸும் என் பழைய டிரக்கில் சரிவு ஏறி, தகரக் கூரை போட்ட அந்த மர வீட்டு வாசலில் இறங்கினோம். நாய் குரைக்கவில்லை. நாய் இருந்தது, விறகுக் கொட்டகைக்கு அடியில். வீட்டுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.

வெர்னாவின் மாமா ஹோபர்ட் அந்தக் காலத்துக் கோலிக்குண்டு ஆலையில் உலை பார்த்தவர். மக்காச்சோளம் அறுக்கும் சமயத்தில் செத்துப்போனார். அவர் சேர்த்து வைத்த குண்டுகளில் எது பழசு, எது விலை போகும் என்று பார்த்துச் சொல்லத்தான் போனோம். பார்ப்பது கிளீட்டஸ், பேரம் பேசுவது நான். நான் லேசில் யாரையும் நம்ப மாட்டேன். ஏலக்காரனை நம்புவதில்லை. கம்ப்யூட்டரில் போடுகிற விலையையும் நம்புவதில்லை. கிளீட்டஸின் கண்ணை மட்டும் நம்புவேன்.

ஒரு கண்ணைத்தான் சொல்கிறேன். இடது கண் இளவயதிலேயே தெறித்த கண்ணாடிச் சில்லில் போய்விட்டது. அந்தக் குழியில் இருந்தது கண்ணாடிக் கண். மிச்சமிருந்த பழுப்பு நிற வலது கண்தான் அவனுக்குச் சோறு போட்டது. "இதுவும் போச்சுன்னா என்னை ஆத்துல தள்ளிவிட்டுரு டெல்பர்ட்" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். ஆனால் அது வேடிக்கைப் பேச்சில்லை என்பது எனக்குத் தெரியும்.

வெர்னா காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு தகர டப்பாவை மேஜைத் துண்டின் மேல் கவிழ்த்தாள். கிளீட்டஸ் லென்ஸை எடுத்தான்.

"இது மிஷின்ல உருண்டது. தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓடுது பாரு. இது கைவேலை. ரெண்டு முனையிலயும் தழும்பு தடவினா தட்டுப்படும். சூட்டோட கண்ணாடிக் கம்பியிலேர்ந்து வெட்டின இடம் அது. ஜெர்மனிக்காரன் பண்ணினது."

"இது நல்லா பளபளன்னு இருக்கே?" என்றாள் வெர்னா.

"எவனோ மெருகு போட்டுக் கெடுத்திருக்கான். தோலைச் சீவினா அழகாயிடுமா? வயசு போயிடும், விலையும் போயிடும். பேரப்பிள்ளைக்குக் குடுத்துரு."

"எனக்குக் கல்யாணமே ஆகலைய்யா."

"அப்ப நீயே விளையாடு."

அவள் சிரிக்க வாயெடுத்தாள். அதற்குள் எங்கள் காலுக்குக் கீழே அந்தச் சத்தம் கேட்டது.

டிக்.

கண்ணாடியில் கண்ணாடி மோதுகிற சத்தம். அதில் எங்கள் மூவருக்குமே சந்தேகம் வரவில்லை.

"கீழ மாமாவோட ஆட்டம் பாதியில நிக்குது" என்றாள் வெர்னா, காபிக் கோப்பையைப் பார்த்தபடியே. "தினம் சாப்பிட்டதும் நிலவறைக்குப் போவாரு. எதிர்ல யாருன்னு நான் கேட்டதில்ல. மேஜையில இருக்கிறத எடுத்துக்கங்க. கீழ இருக்கிறதத் தொடாதீங்க."

எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இந்தச் சட்டம் தெரியும். வட்டத்துக்குள் இருக்கிற குண்டை அடித்து வெளியே தள்ளினால் அது உன்னுடையது. கையால் எடுத்தால் ஒன்றுக்கு இரண்டாக வைக்கவேண்டும்.

கிளீட்டஸ் ஏற்கெனவே எழுந்துவிட்டான். "சும்மா பாக்கத்தானே போறேன்" என்று விளக்கை எடுத்துக்கொண்டான். அவனைத் தனியே அனுப்ப மனசில்லாமல் நானும் இறங்கினேன்.

ஈரமண்ணும் அழுகிய உருளைக்கிழங்கும் சேர்ந்து நாறியது. தட்டிச் சமன் செய்த களிமண் தரை. நடுவில் ஒரு பெரிய வட்டம். அதற்குள் சிலுவை போல அடுக்கிய குண்டுகள், எல்லாமே பழைய கைவேலை. வட்டத்துக்கு இந்தப் பக்கம் கிழவர் முழங்கால் ஊன்றின இரண்டு பள்ளங்கள், காய்ந்து வெடித்திருந்தன.

அந்தப் பக்கமும் இரண்டு இருந்தன. சின்னவை. அவற்றில் மண் இன்னும் ஈரமாக இருந்தது.

"ஏறிடலாம் கிளீட்டஸ்" என்றேன்.

அவன் கேட்கவில்லை. நடுவில் இருந்த பெரிய குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெளிந்த கண்ணாடி, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளை நாய் பொம்மை. அந்த மாதிரி ஒன்றை நாங்கள் படத்தில்தான் பார்த்திருந்தோம்.

"எடுக்காதய்யா. ஆட்டம் முடியல."

"செத்தவன் எப்படிய்யா அடிப்பான்?" என்று குனிந்து எடுத்தான். நாக்கால் நக்கினான். பழங்குண்டு வாங்குகிறவன் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. ஈரம் பட்டால் மேல்கீறல் மறைந்து உள்ளே தெளிவாகத் தெரியும். "அடேயப்பா" என்றான், கோயிலுக்குள் பேசுகிற குரலில். அப்படியே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலையில் என் கதவைத் தட்டினான். இடது கண் இருந்த இடம் வெறும் குழி.

"தண்ணி டம்ளர்ல போட்டு மூடி வச்சேன். மூடி அப்படியே இருக்கு, தண்ணி அப்படியே இருக்கு. கண்ணைக் காணோம்." என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "இந்தக் கண்ணும் சரியில்ல. கீறல் விழுந்த குண்டு வழியா பாக்கிற மாதிரி இருக்கு. உன் மூஞ்சியே தெரியல."

"தெரியாம இருக்கிறதே நல்லது. வண்டியில ஏறு."

வெர்னா வாசலிலேயே நின்றிருந்தாள். விளக்கை ஏற்றி நீட்டினாள். "நீங்க போனதுலேர்ந்து கீழ சத்தமே இல்ல" என்று கிசுகிசுத்தாள். "காத்துக்கிட்டிருக்கு."

படிகளில் அவன் கையைப் பிடித்து இறக்கினேன். வட்டத்தின் நடுவே, அவன் குண்டை எடுத்த இடத்தில், கட்டைவிரலால் அழுத்தினது போல இரண்டு குழிகள் புதிதாக இருந்தன.

ஒன்றில் கண்ணாடிக் கண். மேலே பார்த்தபடி.

மற்றது காலி.

கிளீட்டஸ் முட்டிபோட்டுத் தடவித் தடவி, காலிக் குழியில் நாய்க்குண்டை வைத்தான். "திருப்பிக் குடுத்துட்டேன்" என்றான் இருட்டைப் பார்த்து. "உன் பொருள் உன்கிட்ட வந்துடுச்சு. விட்டுரு. இந்த ஒரு கண்ணுதான் எனக்கு இருக்கு."

நாய்க்குண்டு அசைந்தது. சமதரையில் தானாக உருண்டு, வட்டத்தின் கோட்டைத் தாண்டி வந்து, அவன் முழங்காலில் முட்டி நின்றது.

குண்டு திரும்ப வேண்டாமாம், ஒன்றுக்கு இரண்டுதான் வேண்டுமாம். அது இனி அவனுடையதாம்.

டிக்.

"டெல்பர்ட், விளக்கை ஏன் அணைச்சே?"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இரண்டாவது குழி இப்போது காலியாக இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு குண்டு இருந்தது. அந்தப் பழுப்பு எனக்குத் தெரிந்த பழுப்பு. தொடவில்லை. ஆனால் பழக்கதோஷம், விளக்கைத் தாழ்த்திப் பார்த்துவிட்டேன். வெட்டுத் தழும்பு இல்லை. மிஷின் கோடும் இல்லை. கையும் செய்யவில்லை, மிஷினும் செய்யவில்லை.

அவனைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

வெர்னா நிலவறைக் கதவைப் பலகை வைத்து அடித்துவிட்டாள். கிளீட்டஸ் இப்போது என் வீட்டில் இருக்கிறான். வலது கண் பால்கண்ணாடி போல முழு வெள்ளை. டாக்டர் அதற்கு ஒரு நீளமான பேர் சொன்னார். நான் நம்பவில்லை.

ஒருநாள் கேட்டேன். "ஒரே இருட்டா இருக்கா?"

"இருட்டா இருந்தா நிம்மதியா இருப்பேனே. களிமண்ணு தெரியுது. பக்கத்துல மலை மலையா குண்டுங்க நிக்குது. சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் எதிர்ல ஒரு கை வந்து, குண்டடிக்க விரல் முட்டியை மண்ணுல ஊனுது."

"யாரோட கை?"

அவன் விரல்களை மடக்கி மேஜையில் ஊன்றிக் காட்டினான்.

நேற்று சோளரொட்டியும் பீன்ஸும் வைத்தேன். சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கும்போது தரைக்குக் கீழே கேட்டது.

டிக்.

என் வீட்டுக்கு நிலவறை கிடையாது.

கிளீட்டஸின் தலை வெடுக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது, எதுவோ வந்து மோதினது போல. பிறகு மேஜை மேல் தடவி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கோட்டுக்கு இன்னும் ஒரு விரக்கடைதான் இருக்கு, டெல்பர்ட்" என்றான். "திரும்பவும் முட்டியை ஊனறான்."