காலிக் கூடத்தின் ஈரக்காற்று

நான்காவது கூடத்திலிருந்து திரும்பி வரும் காற்றில் ஈரம் இருந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையை நெருங்கிப் பார்த்தாள். தரவு மையத்தில் காற்று சூடாகத் திரும்புவது வழக்கம். அதற்காகத்தான் அத்தனை பெரிய குளிரூட்டிகள். ஆனால் சர்வர்கள் விடுவது இஸ்திரிப் பெட்டியின் சூட்டைப் போன்ற வறண்ட சூடு. அதில் ஈரம் வராது. ஈரம் வரவேண்டுமென்றால் மூச்சு விடும் ஆட்கள் வேண்டும், அதுவும் கூட்டமாக. நான்காவது கூடத்தில் ஆளும் இல்லை, சர்வரும் இல்லை. வாடகைக்கு எடுத்திருந்த நிறுவனம் காலி செய்துகொண்டு போனபின், சர்வர்களைப் பொருத்தும் ஆள் உயர இரும்புச் சட்டங்கள் மட்டும் வரிசை வரிசையாக நின்றன.

உணர்கருவி பழுதாகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மின்கணக்கு பார்க்கும் அவளை அங்கே எல்லோரும் யூனிட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியே வெயில் கொளுத்தும் பிற்பகல். சன்னலே இல்லாத கட்டுப்பாட்டு அறையில் எப்போதும்போல வெள்ளை விளக்கும், சுவருக்கு அப்பாலிருந்து ஓயாமல் வரும் விசிறிகளின் இரைச்சலும், சூடேறிய பிளாஸ்டிக்கின் மெல்லிய வாடையும் நிறைந்திருந்தன.

இதற்குமுன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோருமே, காலிக் கூடம் குடித்த மின்சாரத்தை ‘இழப்பு’ என்ற தலைப்பின்கீழ் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இந்த ஆண்டு வந்த விதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. கட்டடத்துக்குள் வந்த மொத்த மின்சாரத்தைச் சர்வர்களுக்குப் போன மின்சாரத்தால் வகுத்து, வரும் விகிதத்தை அறிவிக்க வேண்டும். அது ஒன்றை நெருங்க நெருங்க நல்லது. ஒன்றுக்குக் கீழே போக வழியே இல்லை. உள்ளே வந்ததைவிடக் கூடுதலாகச் சர்வர்கள் தின்ன முடியாதல்லவா. இன்று எடுக்கும் அளவுதான் இறுதி. விகிதம் விதித்த வரம்புக்குக் கீழே இறங்காவிட்டால் மையத்தின் உரிமம் போகும். அவள் வேலையும், அவள் சொல்லிச் சேர்த்துவிட்ட தம்பியின் வேலையும் சேர்ந்தே போகும்.

தம்பி குளிரூட்டிகளைப் பராமரிப்பவன். நான்காவது கூடத்தின் குளிரூட்டியை நிறுத்திவிட்டு வரச் சொன்னபோது, கையிலிருந்த வாக்கி-டாக்கியால் தலையைச் சொறிந்தபடி நின்றான்.

“காலி ரூமுக்கு எதுக்குக்கா இவ்ளோ கரண்ட்டு? பேய்க்கு ஏசி போட்டு வெச்சிருக்கீங்களா?”

“பேயா இருந்தாலும் பரவாயில்லடா. ரிப்போர்ட்ல அதுக்கு ஒரு இடம் இருந்தா எழுதிட்டு நிம்மதியா இருப்பேன். போ, போய் நிறுத்திட்டு வா.”

சிரித்துக்கொண்டே போனான்.

கொஞ்ச நேரத்தில் வாக்கி-டாக்கி கரகரத்தது. சுவரெல்லாம் வேர்த்திருக்கிறது என்றான். சன்னலைச் சாத்திய பஸ்ஸுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகிற மாதிரி ஆள் வாடை அடிக்கிறது என்றான். திரும்பி வரட்டுமா என்று அவன் கேட்கவில்லை. வா என்று அவளும் சொல்லவில்லை. அவள் கண் விகிதத்தின்மேல் இருந்தது. சுவிட்சை இறக்கும் ஓசை கேட்டது. இரைச்சலிலிருந்து ஒரு இழை மட்டும் உருவியெடுத்ததுபோல அந்தக் கூடத்தின் விசிறி ஓய்ந்தது.

விகிதம் இறங்கியது. வரம்பைத் தாண்டி இறங்கியது. தம்பிக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

விகிதம் அங்கே நிற்கவில்லை. ஒன்றைத் தொட்டது.

ஒன்றுக்குக் கீழே போனது.

மீட்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். மற்ற கூடங்களில் சர்வர்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து வரும் மின்சாரமோ குறைந்துகொண்டே போனது. மீதியை யாரோ கொடுக்கிறார்கள். உள்ளேயிருந்து.

“அக்கா.” தம்பியின் குரல் தாழ்ந்திருந்தது. “இங்க யாரோ மூச்சு விடுறாங்க.”

“நீ விடுறதுதான்டா கேக்குது.”

“இல்லக்கா. நான் மூச்சை அடக்கிட்டு நிக்கிறேன்.”

“வெளிய வந்துடு. விட்டுட்டு வா.”

வாக்கி-டாக்கியில் மூச்சு மட்டும் வந்தது. ஒருவருடையது அல்ல. ஒரே தாளத்தில், பலருடையது.

ஓடினாள். நீண்ட நடைபாதை. இருபுறமும் விசிறிகளின் கூச்சல். நான்காவது கதவின் கைப்பிடி உடம்புச் சூட்டில் இருந்தது. நுழைவு அட்டையைத் தேய்த்தாள். திறக்கவில்லை. மறுபடி தேய்த்தாள்.

கதவில் பதித்த கண்ணாடி வழியே பார்த்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. காலிச் சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால், வாய் இருக்கவேண்டிய உயரத்தில், வெண்மையாக ஒரு சிறு மூட்டம் எழுந்து மறைந்தது. எல்லாம் ஒன்றாக எழுந்தன. எல்லாம் ஒன்றாக மறைந்தன.

முதல் வரிசையின் கடைசிச் சட்டத்துக்குள் தம்பி நின்றிருந்தான். கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. கண்கள் திறந்திருந்தன. அவளைத்தான் பார்த்தான். ஆனால் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவன் வாயிலிருந்தும் மூட்டம், அதே தாளத்தில்.

பக்கத்துச் சட்டம் காலியாக இருந்தது. அதன்முன் மட்டும் மூட்டம் இல்லை.

அவள் கண்ணாடியில் அறைந்தாள். பெயர் சொல்லிக் கத்தினாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது, தெளிந்தது, மங்கியது. உள்ளே மூட்டம் எழுந்தபோது மங்கியது. உள்ளே மறைந்தபோது தெளிந்தது.

வாயைப் பொத்தினாள். மூக்கை இறுக்கிப் பிடித்தாள். மூச்சை அடக்கினாள்.

அவள் முகத்துக்கு நேரே, இந்தப் பக்கத்துக் கண்ணாடி, மங்கியது. தெளிந்தது. மங்கியது.