பட்டாசின் கால்

பட்டாசு நொண்டியது. யார் செய்த வேலை என்று இனாயாவுக்குத் தெரியும். ரோஹித்தான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

பட்டாசு அவளுடைய செவலைக் கோழி. முட்டையிட்டுவிட்டால் சதுரங்கப்பட்டினம் கோட்டை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தும். அதனால்தான் அந்தப் பெயர்.

பக்கத்து வீட்டு ரோஹித்திடமும் ஒரு செவலைக் கோழி இருந்தது. இரண்டும் ஒரே தாயின் குஞ்சுகள், எது எதென்று அடையாளமே தெரியாது. 'இவன் மாற்றிவிட்டால்?' என்று இனாயாவுக்கு அப்போதே சந்தேகம். குஞ்சாக இருந்தபோதே பட்டாசின் காலில் சிவப்பு நைலான் நூலைச் சுற்றி, முடிச்சுமேல் முடிச்சு போட்டுவிட்டாள். ரோஹித் மட்டும் சும்மா இருப்பானா? தன் குஞ்சுக்கு நீல நூல் கட்டினான்.

இப்போது அவன் கோழி ஜம்மென்று நடக்கிறது. அவனிடம் உண்டிவில் வேறு இருக்கிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"இன்னாடி, இன்னும் நொண்டிகினேகீது?" என்றார் அம்மா ஷஹர்பானு. "நாய் கவ்விகினு போறதுக்குள்ள வெள்ளிக்கிழமை அறுத்து கோழிக்கறி ஆணம் வச்சுடலாம்."

இனாயா பட்டாசுக்குக் குறுக்கே போய் நின்றாள். "வேணாம்மா! நான் சரி பண்ணிடறேன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அவ்ளோதான்."

மறுநாள் பள்ளி விட்டதும், கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் இனாயா பதுங்கினாள். தெருமுனையில் கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சுவருக்குமேல் மெல்ல ஒரு தலை முளைத்தது. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு ஒரு கை பட்டாசை நோக்கி எதையோ வீசியது.

"மாட்டினியா! கல்லால தானே அடிச்ச?" என்று பாய்ந்தாள் இனாயா.

"கல்லா? கீழ பாரு," என்றான் ரோஹித்.

தரையில் கம்புத் தானியம் சிதறிக் கிடந்தது. பட்டாசு அவசர அவசரமாகப் பொறுக்கியது.

"அதால ஓட முடியல. மத்த கோழிங்க எல்லாத்தையும் தின்னுடுதுங்க. பாவமா இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு ஒளிஞ்சு போடற?"

"நீ பார்த்தா, கோழிய மயக்கறேன்னு சண்டைக்கு வருவ."

வந்திருப்பாள்தான். ஆனாலும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை.

"கால்ல நீ அடிச்ச காயம் இருக்கும். காட்டறேன், வா!"

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். ரோஹித் சுவரேறிக் குதித்து, பட்டாசைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டான். காலில் அப்பியிருந்த சேறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

அடிபட்ட காயம் எதுவும் இல்லை. கால் வீங்கியிருந்தது. வீக்கத்துக்கு நடுவே சிவப்பாக ஒரு கோடு.

"ரத்தமா?" என்றான் ரோஹித்.

ரத்தம் இல்லை, நூல். பட்டாசு வளர்ந்துவிட்டது, முடிச்சு வளரவில்லை.

இனாயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான்டா கட்டினேன்," என்றாள். "உன்மேல போய்ப் பழி போட்டேன்."

"அழுவறது அப்புறம். நகவெட்டி எடுத்துகினு வா."

நூலுக்கடியில் நகவெட்டியை மெல்ல நுழைத்தாள். டிக்! நூல் அறுந்தது. மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். ரோஹித் சட்டென்று நகவெட்டியைப் பிடுங்கிக்கொண்டு சுவரேறினான்.

"டேய், எங்க ஓடற?"

"நீல நூலு!"

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா கொல்லைக்கு வந்தார். வீக்கம் வற்றியிருந்தது. பட்டாசு இரண்டு காலையும் ஊன்றி நின்று, குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து அதன் காலைப் பார்த்தார்.

"சரி, இன்னிக்குப் பருப்புக் குழம்பு," என்றார்.

இனாயா துள்ளிக் குதித்தாள். பின்னலில் கட்ட வைத்திருந்த சிவப்பு ரிப்பனைக் கையில் ஆட்டியபடியே பட்டாசைக் கொஞ்ச ஓடினாள்.

பட்டாசு ரிப்பனைப் பார்த்தது. இரண்டடி பின்வாங்கியது. தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவளை மேலும் கீழும் முறைத்தது.

இத்தனை நாளும் இனாயா ரோஹித்தைப் பார்த்தாளே, அதே பார்வை!