வெள்ளைக் கோட்டில் சிவப்புத் திட்டு

சில்லு அந்தக் கஷாயத்தைப் போட ஆரம்பித்ததே அப்பாவின் விரல்களுக்காகத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக அவளைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குத் துணி தேய்க்கிற வேலை. வீட்டின் முன்னறைதான் கடை. நல்ல வேலைக்காரர். ஆனால் கொஞ்ச நாளாக அவருக்கு மூட்டுவாதம். காலையில் எழுந்தால் விரல் கணுக்கள் வீங்கி விறைத்துப்போய், சட்டைப் பொத்தானைக்கூடப் போட வராது. வெயில் ஏற ஏறத்தான் விரல்கள் இளகும்.

ஆனால் டாக்டரம்மாவின் துணிகளைக் காலையிலேயே தேய்த்து முடித்தாக வேண்டும். பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருப்பவர் அவர். அங்கே வேலை பார்க்கிற எல்லோருடைய வெள்ளைக் கோட்டும் அப்பாவிடம்தான் வரும். கடையில் பாதி வேலை அதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டாக்டரம்மா வைத்தியம் பார்ப்பதே மூட்டு வலிக்குத்தான்.

"அவங்ககிட்டயே கையைக் காட்டலாமே?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"நல்லா கேட்ட போ. இந்தக் கையை வச்சுக்கிட்டா எங்க துணியைத் தேய்க்கிறீங்கன்னு கேப்பாங்க. அப்புறம் துணியெல்லாம் வேற கடைக்குப் போயிடும்," என்றார் அப்பா.

அதனால் அவர் பஸ் ஏறி ஊரின் மறுகோடிக்குப் போய், வேறொரு டாக்டரிடம் மாத்திரை வாங்கி வந்தார். டாக்டரம்மா கடைக்கு வந்தால் கைகளைத் துணி அடுக்குக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பேசுவார். கையில் எதையோ திருடி வைத்திருப்பவர் போல இருக்கும். சில்லுவுக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் செடிகளைப் பற்றிப் பாடம் எடுத்தார்.

"மஞ்சளோட நிறம், இஞ்சியோட காரம், கறுப்பு திராட்சைத் தோலோட கருநீலம், இதுக்கெல்லாம் காரணம் செடிக்குள்ள இருக்கிற சில பொருள்கள்தான். அதுல சிலது மூட்டு வீக்கத்தைக் குறைக்க உதவுமான்னு ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா..."

மணி அடித்துவிட்டது. மணி அடித்த பிறகு மீதியைக் கேட்க யார் உட்கார்ந்திருப்பார்கள்?

மறுநாளே சில்லு வேலையில் இறங்கினாள். மஞ்சள்தூள், தட்டிய இஞ்சி, பொடித்த மிளகு, நசுக்கிய கறுப்பு திராட்சை, எல்லாவற்றையும் போட்டுக் கொதிக்க வைத்தாள். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

"பிரமாதம்."

"வலி?"

"குறைஞ்ச மாதிரிதான் இருக்கு."

சில்லுவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாள் மஞ்சளைக் கூட்டினாள். அதற்கடுத்த நாள் மிளகைக் கூட்டினாள். அப்பா ஒவ்வொரு நாளும் குடித்துவிட்டு, "பிரமாதம்," என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அந்தச் சனிக்கிழமை வந்தது.

அம்மா விடியும் முன்பே பேக்கரி வேலைக்குப் போய்விட்டாள். அப்பா பின்பக்கம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். சில்லு கஷாய டம்ளரோடு முன்னறைக்கு வந்து, அதைத் தேய்க்கிற மேசையில் வைத்தாள். அந்த மேசையில் துணியையும் தேய்ப்புப் பெட்டியையும் தவிர எதையும் வைக்கக் கூடாது என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒரு நிமிஷம்தானே என்று நினைத்தாள்.

தம்பி வாண்டு ஏதோ கூப்பிட்டான். திரும்பினாள். முழங்கை பட்டு டம்ளர் சாய்ந்தது. தேய்த்து மடித்து வைத்திருந்த டாக்டரம்மாவின் சொந்தக் கோட்டில், சட்டைப்பை முழுக்க மஞ்சள்.

சில்லு கோட்டைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். சோப்பை எடுத்துக் கறையின்மேல் பரபரவென்று தேய்த்தாள்.

மஞ்சள் போகவில்லை. சிவந்தது. தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்தது.

கதவருகே நின்றிருந்த வாண்டு, "அக்கா, கோட்டுக்கு ரத்தம் வருது," என்றான்.

"கத்தாதடா," என்று அவன் வாயைப் பொத்தினாள். கோட்டைச் சுருட்டி, அழுக்குத் துணி வாளியின் அடியில் திணித்தாள். காலி டம்ளரை மேசையின் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா வந்தார். அடுக்கை ஒரு பார்வை பார்த்தார். ஒரு கோட்டு குறைந்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். தேடிப் பார்த்து, வாளியிலிருந்து அதை எடுத்தார். விரித்து, கறையை விரலால் தடவிப் பார்த்தார்.

"சில்லு, இது எப்படி ஆச்சு?"

"தெரியலையேப்பா."

வாண்டு வாயைத் திறந்தான். சில்லு முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டான்.

அப்பா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று சில்லுவுக்கு இருந்தது.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். டாக்டரம்மா வந்துவிட்டார்.

"என்னண்ணா, கோட்டு ரெடியா?"

அப்பா அந்தக் கோட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். பிறகு, இத்தனை நாளாக ஒளித்து வைத்திருந்த இரண்டு கைகளையும் அதன் பக்கத்தில் வைத்தார். காலை நேரம். கணுக்கள் புடைத்து, விரல்கள் மடங்காமல் நின்றன.

"தப்பு என்னோடதுதான் மேடம். இந்தக் கைதான். ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க வரலை. கொட்டிடுச்சு."

சில்லுவின் காதெல்லாம் சுட்டது. தான் செய்த தப்புக்கு அப்பாவின் கை பழி சுமந்துகொண்டிருந்தது. அந்தக் கையைத்தான் அவர் யார் கண்ணிலும் படாமல் மறைத்து வைத்திருந்தார்.

டாக்டரம்மா கோட்டைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார். "எவ்வளவு நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாதாங்க." அப்பாவின் குரல் உள்ளே போய்விட்டது. "துணியை வேற இடத்துல குடுக்கிறதுன்னா குடுத்துடுங்க மேடம். நான் ஒண்ணும் தப்பா நினைச்சுக்க மாட்டேன்."

சில்லு எச்சிலை மென்று முழுங்கினாள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் தலை குனிந்து நிற்கிற அப்பாவைப் பார்க்க முடியவில்லை.

"அப்பா கை தவறலை. நான்தான் கொட்டினேன். மேசையில டம்ளரை வச்சதும் நான்தான், சோப்பு போட்டதும் நான்தான். தெரியாதுன்னு பொய் சொன்னதும்..."



"வாளியில ஒளிச்சு வச்சதும் அக்காதான்," என்று வாண்டு மீதியை முடித்து வைத்தான்.

அப்பா சில்லுவைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபமே இல்லை.

"தெரியும்மா."

"தெரியுமா?"

"மஞ்சக்கறையில சோப்பு பட்டா சிவக்கும்னு துணி வேலை பாக்கிறவனுக்குத் தெரியாதா? அது தெரியாம சோப்பு போடுற ஆளு இந்த வீட்ல வேற யாரு?"

பூமி பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று சில்லு நினைத்தாள். பளாரென்று ஓர் அறை விட்டிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

டாக்டரம்மா அந்த டம்ளரை எடுத்து முகர்ந்தார். அடியில் மிளகுத்தூள் கெட்டியாகப் படிந்திருந்தது.

"இதையா குடிக்கிறீங்க? தினமுமா? வயிறு எரியலையா?"

அப்பா திருட்டுமுழி முழித்தார். சில்லுவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"எரியுதுங்க," என்றார் கடைசியில். "மாத்திரையும் சேர்ந்தா தாங்க முடியல. அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்."

சில்லுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏம்ப்பா? கஷாயத்தை நிறுத்தியிருக்கலாமே?"

"அது நீ போட்டதாச்சே."

சில்லுவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வலி குறையட்டும் என்றுதானே போட்டாள்? அவருடைய மாத்திரையையே நிறுத்த வைத்துவிட்டாளே.

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது உனக்கு யார் சொன்னது பாப்பா?"

சில்லு விம்மிக்கொண்டே டீச்சர் சொன்னதைச் சொன்னாள். மணி அடித்ததையும் மறைக்கவில்லை.

"டீச்சர் சொன்னது சரிதான். நீதான் பாதியில எழுந்து ஓடிட்ட. இஞ்சி, மஞ்சள், பழம், காய் எல்லாம் சாப்பாட்டுல இருந்தா நல்லதுதான். சில பேருக்கு வலி கொஞ்சம் குறையவும் குறையலாம். சில பேருக்கு ஒண்ணும் ஆகாது. இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. ஆனா இப்படிக் கரண்டி கரண்டியா கொட்டிக் குடிச்சா வயிறு என்னத்துக்கு ஆகும்? மாத்திரைக்குப் பதிலா இதைக் குடிக்கவே கூடாது." அப்பாவின் பக்கம் திரும்பினார். "அண்ணா, மாத்திரையை எடுத்துக்கிட்டு இன்னைக்கே கிளினிக்குக்கு வாங்க."

"வர்றேங்க." அப்பா தயங்கினார். "துணி..."

சில்லு புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். அவளுக்கு ஒரு சந்தேகம்.

"டாக்டரம்மா, இந்தக் கோட்டெல்லாம் உங்களுக்கு எப்ப வேணும்?"

"அடுத்த நாள் போட்டுக்கத்தான்."

"அப்புறம் ஏன் காலங்காத்தாலயே வந்து எடுத்துட்டுப் போறீங்க?"

டாக்டரம்மா யோசித்தார். "காலையில வாக்கிங் போயிட்டுத் திரும்பும்போது கடை வழியில இருக்கு. அப்படியே கையோட எடுத்துட்டுப் போயிடலாமேன்னுதான்."

"அப்பாவுக்குக் காலையிலதான் விரல் வராது. மத்தியானம் ஆனா நல்லா வரும். சாயங்காலம் எடுத்துக்கிட்டா ஆகாதா?"

"தாராளமா ஆகும்," என்றார் டாக்டரம்மா. "இதை ஏண்ணா இத்தனை நாளா எங்கிட்ட சொல்லலை?"

அப்பா மேசை விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். இப்போது வெட்கப்படுவது அவருடைய முறை.

டாக்டரம்மா போனதும், "சோப்பு சுத்தமா போற வரைக்கும் அலசு. அப்புறம் நல்ல வெயில்ல போடு. மஞ்சளுக்கு வெயில்தான் எமன்," என்றார் அப்பா.

சில்லு அலசினாள். தண்ணீரை மாற்றி மாற்றி அலசினாள். சிவப்பு போய்ப் பழையபடி மஞ்சள் வந்தது. கொடியில் விரித்துப் போட்டுவிட்டு, அடிக்கடி ஓடிப்போய்ப் பார்த்தாள். உச்சி வெயிலுக்குள் பாதிக் கறை வெளுத்திருந்தது. மீதிக்கு நாளைய வெயில் இருக்கிறது என்று அப்பா சொன்னார்.

இரண்டு பேரும் முன்னறைக்கு வந்தபோது, லாரி ஓட்டுகிற ஒருவர் சட்டை மூட்டையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கடைக்குப் புதியவர்.

"நாளைக்குக் காலையில கிடைக்குமா?"

அப்பாவின் கைகள் பழக்கத்தில் துணி அடுக்குக்குப் பின்னால் போயின. பாதி வழியில் நின்றன. அப்பா சில்லுவைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி மூட்டையை வாங்கிக்கொண்டார்.

"காலையில எனக்கு விரல் வராதுங்க. மூட்டுவாதம். மத்தியானத்துக்கு மேல தரட்டுமா?"

சில்லு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரிங்க," என்றார் லாரிக்காரர். விசிலடித்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார்.

அப்பா அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரின்னுட்டுப் போயிட்டாரே," என்றார், நம்ப முடியாதவர் போல.