ரேடியேட்டரில் மஞ்சள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆவடியில் ராணுவத்துக்காகக் கொட்டகை மேல் கொட்டகையாக எழும்பிக்கொண்டிருந்தது. சரளைக்கல் ஏற்றி வரும் லாரிகளில் பாதி, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்திலிருந்த என் பட்டறைக்கு வந்துதான் உயிரை விடும். டிரைவர்கள் எல்லாரும் ஒரே ரகம். வண்டியைப் பாடாய்ப் படுத்திவிட்டு, தானாக நின்றுவிட்டதென்று முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொள்வார்கள்.

எத்திராஜ் அப்படிப்பட்டவன் இல்லை. பட்டாபிராம்காரன். துடைத்துத் துடைத்தே வண்டியின் வர்ணத்தை வெளுக்கவைத்தவன். பிரசவத்துக்கு அழைத்துப்போகும் வழியிலேயே மனைவி இறந்துபோன பிறகு ஆள் பாதியாகிவிட்டான். அன்று அவன் என் பட்டறையில் வந்து இறங்கியபோது பானெட்டுக்குள்ளிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது.

“ரெண்டு மைலுக்கு ஒரு தபா கொதிக்குது அண்ணாத்தே. இன்னொரு வாட்டி வழியில நின்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துர்றேன்னு காண்ட்ராக்டர் சொல்லிட்டாரு.”

“குடுத்தா குடுக்கட்டுமே. ஊர்ல வேற வண்டியா இல்ல?”

“இத்த உட்டுட்டு என்னால இருக்க முடியாது.”

அவன் மனைவி வேம்புலியம்மாள் கடைசியாக உட்கார்ந்திருந்தது இந்த வண்டியில்தான். அது எனக்கும் தெரியும். பானெட்டைத் திறந்தேன்.

விசிறி பெல்ட் இறுக்கமாக இருந்தது. ரப்பர் குழாய்களில் ஒழுக்கு இல்லை. இஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டர் வாய்க்குள் பார்த்தேன், குமிழி வரவில்லை. அப்படியானால் இஞ்சினில் கோளாறு இல்லை. கடைசியாக ரேடியேட்டரைக் கையால் தடவிப் பார்த்தேன். மேலே கை வெந்துவிடும் சூடு, அடியில் சில்லென்று இருந்தது. தண்ணீர் கீழே இறங்கவே இல்லை. கழற்றி நிறுத்தி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். மடமடவென்று கொட்டவேண்டியது சொட்டுச் சொட்டாக வந்தது.

ஈயப்பற்றை உருக்கி மேல்தொட்டியைப் பெயர்த்தேன். உள்ளே குழாய் முழுக்க மஞ்சள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொத்தல் விழுந்த ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போட்டு ஒழுக்கை நிறுத்துவது டிரைவர்களின் கைவைத்தியம். ஒரு சிட்டிகை போட்டால் ஊர் வந்து சேரலாம். அள்ளி அள்ளிப் போட்டால் எல்லாக் குழாயும் அடைத்துக்கொள்ளும்.

“இன்னாடா, உள்ள சாம்பார் கொதிக்க வெச்சியா?”

அவன் சிரிக்கவில்லை. “இப்ப நான் போடல அண்ணாத்தே. எங்க ஊட்ல மஞ்சளே இல்ல. யாருக்கோசரம் வாங்கறது?”

ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது. ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தி, காரச் சோடாவில் வேகவைத்து அலசினேன். அடியில் இருந்த பழைய பொத்தலுக்கு ஈயம் வைத்தேன். இனி ஜென்மத்துக்கும் ஒழுகாது என்று சொல்லி அனுப்பினேன்.

வாரம் திரும்புவதற்குள் வந்து நின்றான். மறுபடியும் கொதிப்பு.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. திட்டிக்கொண்டே தொட்டியைப் பெயர்த்தேன். மறுபடியும் மஞ்சள். ஆனால் இந்தத் தடவை அது தூள் கரைந்த சேறாக இல்லை. குழைவாக, ஈரமாக, பட்டறையே மணக்கும்படி இருந்தது. எனக்குச் சோறு கொண்டுவந்த என் மனைவி ரோஸி அதை விரலில் தொட்டு முகர்ந்தாள்.

“கடைத்தூள் இல்லீங்க இது. கெழங்கக் கல்லுல ஒரசி எடுத்தது. பொம்பளைங்க குளிக்கச் சொல்லோ பூசிக்கிறது.”

எத்திராஜ் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது.

யாரோ வேண்டாதவன் செய்கிற வேலை என்று நான் நினைத்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். மறுநாள் எல்லாவற்றையும் சுத்தம் செய்து மாட்டி, இஞ்சினைச் சூடேறும்வரை ஓட்டி நிறுத்தினேன். வண்டியை எப்போது தனியாக விடுவான் என்று கேட்டேன். உச்சிவேளையில் என்றான். அது முன்பெல்லாம் வேம்புலி சோறு எடுத்துவரும் நேரமாம். சாப்பிட்டுவிட்டு வண்டியடியில் படுத்துவிடுவானாம்.

வண்டி கண்ணில் படும்படி இருவரும் பட்டறைக்குள் உட்கார்ந்தோம். வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. கொட்டகை வேலைச் சத்தம் ஓய்ந்திருந்தது. கேட்டுக்காரன் தூங்கிவிட்டான். காக்கைகூடக் கத்தவில்லை. சூடு தணியும் இரும்பு மட்டும் டிக், டிக்கென்று சத்தமிட்டது.

பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

ஈரப்புடவையின் வாசனை வந்தது. குளித்துவிட்டு நேராக வந்தவள் பக்கத்தில் நின்றால் வருமே, அந்த வாசனை.

அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

பித்தளைத் தொட்டியில் கண்ணாடி வளையல் உரசியது.

துணி சுற்றாமல் என்னாலேயே தொடமுடியாத ரேடியேட்டர் மூடி, மெல்ல, மிக மெல்லத் திரும்பத் தொடங்கியது.

என் கழுத்தில் கிடந்த சிலுவையைத் தேடிய கை அதைக் கண்டுபிடிக்கவில்லை.

“வேம்பு,” என்றான் எத்திராஜ் என் பக்கத்தில்.

மூடி நின்றது.

அவன் என் காதோரம் கிசுகிசுத்தான். “அன்னிக்கி அம்பத்தூர் ஏரிக்கரையில ரேடியேட்டர் பொத்துக்கிச்சு அண்ணாத்தே. தண்ணி ஊத்த ஊத்த ஓடிட்டுது. பிரசவத்துக்குன்னு மூட்டைல வெச்சிருந்த மஞ்சத்தூள அவதான் எடுத்துக் குடுத்தா. ‘இத்தப் போடுய்யா, வண்டி நிக்கக் கூடாது’ன்னா. போட்டேன். ‘அடைஞ்சிச்சா?’ன்னு மேலருந்து கேட்டுகினே இருந்தா. நான் கீழ குனிஞ்சி பார்த்துகினு இருந்தேன். அடைஞ்சிச்சின்னு சொல்லலாம்னு ஏறி வந்தா…”

அந்தப் பெண்ணுக்குப் பதிலே கிடைக்கவில்லை. பொத்தல் இன்னும் ஒழுகுகிறதென்று எண்ணித் தினமும் வந்து அடைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பயத்தைவிடப் பரிதாபம்தான் அதிகமாக இருந்தது.

“எத்திராசு, இப்டியே போட்டுகினு இருந்தா இஞ்சினே போயிடும்டா. வண்டிய உன்கிட்டருந்து புடுங்கிடுவாங்க.”

“சொல்லிட்டா அவ போயிடுவாளே அண்ணாத்தே.”

வண்டி கெட்டுப் பறிபோனாலும் அவள் இல்லை, நன்றாக ஓடினாலும் அவள் இல்லை. எத்திராஜ் தலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு எழுந்துபோய் அந்தக் கொதிக்கும் மூடிக்குப் பக்கத்தில் நின்றான்.

“அடைஞ்சிடுச்சி புள்ளே. நெஜமாத்தான். சொட்டுகூட இல்ல. இனிமே வண்டியத் தொடாத, இன்னா? நீ போய்ப் படு.”

மூடி திரும்பிய வழியே திரும்பி இறுகிக்கொண்டது. வாசனை போய்விட்டது. எத்திராஜ் பானெட்டின்மேல் முகத்தை வைத்து அழுதான். பெண்டாட்டியைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போன அன்றுகூட அவன் அப்படி அழவில்லை என்று பட்டாபிராம்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

அதற்கப்புறம் வண்டி ஒருநாளும் கொதிக்கவில்லை. காண்ட்ராக்டருக்கு ஏக சந்தோஷம். எத்திராஜ்தான் கொதித்துக் கொதித்து வற்றிக்கொண்டிருந்தான். என் பட்டறைக்கு அவன் வரவேண்டிய வேலையே இல்லை. ஆனாலும் மத்தியானமானால் வந்து வண்டியை நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ரோஸி கொடுக்கும் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவான்.

மழைக்காலம் தொடங்குவதற்குமுன் ஒருநாள், வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினேன். பானெட் திறந்திருந்தது. அடியில் தண்ணீர் பாய்ந்து ஓடியது. என் குத்தூசியைக் கையில் வைத்துக்கொண்டு எத்திராஜ் தரையில் உட்கார்ந்திருந்தான். ரேடியேட்டரில் குத்தியபோது ஊசி வழுக்கியிருக்கிறது. அவன் உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது.

“படுபாவி, இன்னாடா பண்ணே!”

“ஒழுகினா வருவா அண்ணாத்தே.” அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. “கண்டிப்பா வருவா. பாரேன்.”

காயத்துக்குக் கட்டத் துணி எடுத்துவர வீட்டுக்கு ஓடினேன். ரோஸி பழைய வேட்டியைக் கிழித்துத் தந்தாள். வாங்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன்.

பட்டறை வாசலிலேயே என் கால் நின்றுவிட்டது.

ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. மூடி இருந்தபடியே இருந்தது. வண்டியை யாரும் தொடவில்லை. அவன் தொடாதே என்று சொல்லியிருந்தானே.

எத்திராஜ் சக்கரத்தில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான். அத்தனை மாதத்தில் அவன் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. காயத்தில் ரத்தம் நின்றிருந்தது. கிழிந்த இடம் முழுக்க, உரசிய ஈரம் காயாத மஞ்சள் பற்று.

அந்தக் கை அவன் மடியில் இல்லை.

தரையிலும் இல்லை.

விரித்த உள்ளங்கை மேலே பார்த்தபடி, எதையும் தொடாமல், அந்தரத்தில் நின்றது.

நான் உள்ளே போகவில்லை. துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அந்தக் கை மெதுவாக அவன் மடியில் இறக்கி வைக்கப்படும்வரை வெயிலிலேயே நின்றேன்.