அகல இலைக்கு மட்டும்

“புல்லுக்கு ஒண்ணும் ஆவாது மெர்சி. அகல இலை வெச்ச களைய மட்டும்தான் கொல்லும்.”

“அப்போ நாம எதுல சேத்தி? புல்லா, அகல இலையா?”

“நீ ரோஜாப்பூ ம்மே.”

கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றின் புல்வெளிக்குக் களைமருந்து அடிக்கும் வேலை கிடைத்த அன்று எட்வர்ட் இப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தான். மெர்சியும் சிரித்தாள். ரோஜாவுக்கும் இலை அகலம்தான் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது.

முதலில் வாசல் மல்லிகை மாறியது. வேலை விட்டு வந்ததும் எட்வர்ட் சட்டையைக் கழற்றி அந்தப் பந்தல் கழியில்தான் மாட்டுவான். அந்தப் பக்கத்துக் கொழுந்துகள் மட்டும் திடீரென்று நீண்டிருந்தன. இலைகள் நாடா போல ஒடுங்கி, தண்டு ஈரத்துணியைப் பிழிந்ததுபோல முறுக்கிக்கொண்டு, முறுக்கின இடத்தில் தோல் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரித் தரை கழுவும் வாசனை ஒன்று அதில் தங்கியிருந்தது. அதே வாசனை அவன் கையிலும் இருந்தது.

“பட்டினி போட்டுக் கொல்றது இல்ல இது,” என்று அவன்தான் ஒருநாள் சோறு தின்றபடி விளக்கினான். “உள்ள போயி வளரு வளருன்னு சொல்லும். செடி தாங்காம வளர்ந்து, முறுக்கிக்கினு, வளர்ந்தே செத்துரும்.”

மெர்சிக்கு அப்போது ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

பதினோரு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. தினமும் சாயங்காலம் எட்வர்ட் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், தண்ணீர் கேட்பதற்கு முன்னால், பின்பக்கமாக வந்து அவள் வயிற்றில் உள்ளங்கையை வைப்பான். “குட்டி இன்னா பண்ணுது?” என்பான். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவன் நாளெல்லாம் மருந்து டேங்கை முதுகில் சுமக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். கையைக் கழுவிவிட்டு வரச் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பாள். சொல்ல வராது. கல்யாணமான புதிதில், மீன்தூள் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவனை, “நாறுது, தள்ளிப் படுங்க” என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டாள். ஒரு மாதம் அவன் வாசலில் படுத்தான். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அந்த ஒரு மாதத்தை இன்னொரு முறை தாங்க அவளால் முடியாது.

மருந்து டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தை அவன் வீட்டுக்கு எடுத்துவந்து பைபிள் வாசிப்பதுபோல வாசித்தும் காட்டியிருந்தான். கையுறை, பூட்ஸ். காற்று வீசும்போது அடிக்கக் கூடாது. மருந்துத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். கை கழுவாமல் எதையும் தொடக் கூடாது.

“கையுறை குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க. சூப்பர்வைசர் துளசிராமன் சார் ஸ்டோர்ல வெச்சிப் பூட்டிட்டாரு. வெளிநாட்டுக்காரன் வர்ற அன்னிக்கு மாட்டிக்கினு நிக்கணுமாம்.” அவன் சிரித்தான். அவள் அவன் கையைப் பார்த்தாள்.

ஏழாம் மாதம், ஒரு வியாழக்கிழமை, நர்ஸ் விக்டோரியா டேப்பை அவள் வயிற்றின்மேல் இழுத்துப் பிடித்து இரண்டாவது தடவையும் அளந்தாள். “நாளுக்கு மீறி இருக்கே பொண்ணே! சூப்பரா வளருது போ!” என்றாள். மெர்சி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வயிற்றைத் தொடாமலே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டு வாசலில் கங்கம்மா காத்திருந்தாள். கம்பெனிச் சுவருக்குப் பின்னால் இருக்கும் மேய்ச்சலில் ஆடு மேய்ப்பவள். காலடியில் ஒரு சாக்கு. சாக்கிலிருந்து ஒரு குளம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“மேய்ச்சல்லயும் மருந்து அடிச்சிருக்கு மெர்சிம்மா. ஒரு செவப்புக் கொடி இல்ல, ஒரு போர்டு இல்ல. விருந்தாளி வர்றாங்களாம், கொடி நட்டா அசிங்கமாம். எட்வர்ட் நைனா ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கட்டிப் போட்ருப்பேனே?”

“அவரு சொல்லலியாக்கா?”

“சொன்னா வேல போய்டும்னு பயந்திருப்பான். பாவம்.” கங்கம்மாவுக்குக் கோபம்கூட வரவில்லை. “ஊமத்தைய எந்த ஆடும் மோந்துகூடப் பாக்காது. நேத்து மருந்து பட்டத சக்கரப் பொங்கல் கணக்கா தின்னுச்சு. இன்னாடா இதுன்னு நானும் ஒரு இலையக் கிள்ளி நாக்குல வெச்சித் துப்பினேன்.” குரலைத் தாழ்த்தினாள். “இனிச்சுது.”

அவள் சாக்கை இழுத்துக்கொண்டு போன தடம் மண்ணில் கிடந்தது.

ஆறரைக்குக் கரண்ட் போனது. “அத்திப்பட்டு பவர் ஹவுஸ் புகைய நமக்கு உட்டுட்டு, கரண்ட மெட்ராசுக்கு அனுப்பிடறானுங்க!” என்று பக்கத்து வீட்டிலிருந்து யாரோ கத்தினார்கள். சிரிப்புக் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. மெர்சி விளக்கு ஏற்றாமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மல்லிகை நேற்றைவிடத் தாழ்ந்து தொங்கியது. முறுக்கிய கொடி ஒன்று நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. காலையில் அது அங்கே இல்லை.

எட்வர்டின் சைக்கிள் வந்து நின்றது. அவன் சட்டையைக் கழியில் மாட்டவில்லை. அவள் பக்கம் வரவில்லை. தலையைக் குனிந்தபடியே அவளைத் தாண்டி வீட்டுக்குப் பின்னால் போனான்.

“கங்கம்மா ஆடு செத்துட்ச்சு மெர்சி,” என்று இருட்டிலிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. “என்னாலதான். நான் குளிச்சிட்டு வரேன். அதுவரிக்கும் என் பக்கம் வராத.”

தட்டி மறைப்புக்குள் சொம்பு வாளியில் மோதும் சத்தம். தண்ணீர் விழும் சத்தம். சோப்பு வாசனை. மெர்சிக்குக் கண் நிறைந்தது. கேட்காமலே கிடைத்துவிட்டது. ஒரு ஆடு செத்துத்தான் கிடைத்தது, ஆனாலும் கிடைத்துவிட்டது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் முழுதாக மூச்சு விட்டாள்.

அப்போது பின்பக்கமிருந்து ஒரு உள்ளங்கை வந்து அவள் வயிற்றில் படிந்தது.

பழகிய இடம். பழகிய கனம். உடம்பு அதை நம்பி ஒரு கணம் சாய்ந்தது.

ஈரம்.

பின்னால் இன்னும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சொம்பு வாளியில் மோதியது. எட்வர்ட் இருமினான். தூரத்தில்.

சோப்பு வாசனை பின்பக்கத் தட்டியிலிருந்து வந்தது. மருந்து வாசனை அவள் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவள் திரும்பவில்லை. குனிந்து மட்டும் பார்த்தாள். விரல்கள். எட்வர்டின் விரல்கள்தான். அவற்றின் நுனி மட்டும் அங்கே முடியவில்லை. நாடா போல ஒடுங்கி, நீண்டு, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, வயிற்றைச் சுற்றி மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தன. முறுக்கின இடத்தில் தோல் வெடித்திருந்தது.

உள்ளே பிள்ளை அசைந்தது.

உதைக்கவில்லை. முறுக்கியது. ஒரு முறை. இன்னொரு முறை. அந்தக் கை இருக்கும் பக்கமாக.

அவள் வாயில் எதுவோ ஊறியது. இனித்தது.

தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

மெர்சி கண்ணை மூடினாள். இரண்டு மாதமாகத் தொண்டையிலேயே வைத்திருந்ததை, அவனுக்கு வலிக்காத குரல் எப்படியிருக்க வேண்டும் என்று தினமும் தனக்குள் பழகிவைத்திருந்த அதே குரலில், அன்பாக, மெதுவாகச் சொன்னாள்.

“கையக் கழுவிட்டு வாங்க.”