குளிர் அறைக்குப் புது ஸ்பீக்கர்

கிழிசலின் ஓரங்கள் வெளிப்பக்கமாக மடிந்திருந்தன. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கை பட்டோ பெட்டி இடித்தோ கிழிந்தால் உள்ளேதான் மடியும். இதுவோ பின்னாலிருந்து எதுவோ முட்டிக்கொண்டு வந்ததைப் போலிருந்தது. ஈர அட்டையும் மீனும் கலந்த வாடை மூக்கில் உறைய, ஏணியில் நின்றபடி எலக்ட்ரீஷியன் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

குளிர் அறையைப் பூட்டுமுன் உள்ளே இருப்பவர்களை வெளியே கூப்பிடத்தான் அந்த ஸ்பீக்கர். கிழிந்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்று மேனேஜரிடம் முன்பே நச்சரித்துப் பார்த்தான். ஒட்டிப் போடு, ஓடுகிறவரை ஓடட்டும் என்றார் அவர். குளிரில் பசை நிற்காதென்று தெரிந்தும், வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு ஒட்டினான். கடைசி வரிசைக்குப் பின்னால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அவன் அக்கா கணவருக்கு அன்றைய அறிவிப்பு கேட்கவில்லை. கதவின் உள்பக்கக் கைப்பிடியும் பனியில் இறுகிக் கிடந்தது. காலையில்தான் திறந்தார்கள்.

"உள்ளேர்ந்து கூப்பிட்டிருப்பாரேடா. ஒருத்தர் காதுலயுமா விழல?" என்று கேட்டதோடு சரி. அதற்குப் பிறகு அக்கா அவனிடம் பேசவில்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்: இப்போது புது ஸ்பீக்கர் வந்துவிட்டது. கைப்பிடிக்கு மட்டும் மேனேஜர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பழையதைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, புதியதைச் சுவரில் பொருத்தித் திருகாணியை முடுக்கினான். வயர் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக வாட்ச்மேன் சொல்லியிருந்தார்.

காற்றாடிகளின் இரைச்சல் சட்டென்று நின்றது.

அந்த அமைதியில் ஒரு மூச்சு. நிதானமாக. அவனுடையது இல்லை.

"அண்ணே, கதவு திறந்துதானே இருக்கு?"

தரையில் விழுந்திருந்த வெளிச்சம் மெலிந்தது. கோடானது. அதுவும் போனது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

இறங்கி ஓடினான். கைப்பிடி அசையவில்லை. அறைந்தான். கத்தினான். வெளியே யாரும் அசைந்த சத்தம்கூட இல்லை.

பிறகு மேலேயிருந்து, கரகரப்பே இல்லாமல், காதோடு பேசுவதுபோல அக்கா கணவரின் குரல்:

"மாப்ளே, இப்ப நல்லாக் கேக்குதா?"

டார்ச்சைத் திருப்பினான். புது ஸ்பீக்கரின் கூம்பு, தூங்குகிறவன் நெஞ்சு மாதிரி, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கொடுக்க வேண்டிய வயர் பக்கத்தில் வெறுமனே தொங்கியது.